வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓம், வாட் கண்டுபிடிப்பது எப்படி?

குளச்சலில் இருக்கும் என் சித்தி ஒருநாள் போனில், "மக்ளே, தேய்ப்புப் பெட்டிக்கு முன்ன பிளக்கு சூடாவுது, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். பிளக்கின் பித்தளைக் காலில் பச்சைக் களிம்பு. அதைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. உப்புக்காற்று அடிக்கிற கடலோர வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அந்தச் சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டே சொல்லலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் ஓடும் சானலை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் மின்னழுத்தம், அதாவது வோல்ட். ஒரு நொடியில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அது மின்னோட்டம், ஆம்பியர். பாசி அடைத்து, கரை சரிந்து ஓட்டத்தைத் தடுத்தால் அது மின்தடை, ஓம். ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதைத்தான் சொல்கிறது:

ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்
வாட் = வோல்ட் × ஆம்பியர்

இரண்டாவது வரி ஓம் விதியல்ல, மின்திறனுக்கானது, அதாவது ஒரு நொடியில் செலவாகும் மின்சார ஆற்றல், வாட். நமக்கு வேண்டியது இந்த இரண்டு வரிகள்தான்.

படி 1: பொருட்கள்

பைக்கில் போடும் 12 வோல்ட் பேட்டரி, 10 வாட் இண்டிகேட்டர் பல்பு, மல்ட்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி), 2 ஆம்பியர் ஃபியூஸ், கொஞ்சம் ஒயர். பல்பு எல்இடியாக இருக்கக் கூடாது, உள்ளே கம்பிச்சுருள் உள்ள பழைய வகைதான் வேண்டும். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் கிடைக்கும். வீட்டுக் கரண்டில் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள்.

படி 2: அளப்பது

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாகப் பல்புக்கு ஒரு ஒயர், பல்பிலிருந்து மைனஸுக்கு ஒரு ஒயர். பல்பு எரியட்டும். மீட்டரை டிசி (பேட்டரி தரும் ஒரே திசைக் கரண்ட்) 20 வோல்ட்டில் வைத்து, பல்பின் இரண்டு முனைகளிலும் மீட்டரின் இரண்டு முனைகளைத் தொடுங்கள். எனக்கு 12.2 காட்டியது.

ஆம்பியரை இப்படி அளக்க முடியாது. ஓடுகிற கரண்ட் முழுவதும் மீட்டருக்குள் புகுந்து போக வேண்டும். ஆகவே ஒரு ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை இணையுங்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, திருகையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். 0.84 காட்டியது.

அளந்து முடித்த கையோடு சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே வோல்ட் பார்க்கப் பேட்டரியைத் தொட்டால் அது நேரடி ஷார்ட். விலை குறைந்த பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, ஒயர் கையிலேயே உருகும்.

படி 3: கணக்கு

12.2 ÷ 0.84 = 14.5 ஓம்
12.2 × 0.84 = 10.2 வாட்

பல்பில் 10 வாட் என்று அச்சிட்டிருக்கிறது, நமக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதே.

படி 4: எல்லோரும் தடுமாறும் இடம்

"மீட்டரிலேயே ஓம் அளக்கும் வசதி இருக்கிறதே, அப்புறம் எதற்கு வகுத்தல்?" என்று தோன்றும். சரி, பல்பைக் கழற்றி ஆறவிட்டு ஓமில் வைத்துப் பாருங்கள். ஒரு ஓம் சொச்சம்தான் காட்டும். 14.5 எங்கே, 1 எங்கே! மீட்டர் பழுதில்லை. எரியும்போது பல்பின் டங்ஸ்டன் கம்பி 2000 டிகிரிக்கு மேல் சூடாகிறது, சூடு ஏற ஏற அதன் தடையும் கூடுகிறது. சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் கம்பி குளிர்ந்திருப்பதால் பல மடங்கு கரண்ட் பாயும். பழைய பல்புகள் பெரும்பாலும் போட்ட உடனே பட்டென்று போவது அதனால்தான். வேலை செய்யும்போது ஒரு பொருளின் தடை எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், வேலை செய்யும்போதே வோல்ட்டும் ஆம்பியரும் அளந்து வகுக்க வேண்டும்.

படி 5: வீட்டுக்குள்

இங்கே அளக்க வேண்டாம், பொருளின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்தாலே போதும். சித்தியின் தேய்ப்புப் பெட்டி 230 வோல்ட், 1000 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். 230 ÷ 4.35 = சுமார் 53 ஓம். இதிலுள்ள நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பியின் தடை சூட்டில் பெரிதாக மாறாது. அதனால் சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கினாலும் அதே 53 ஓம்தான். 180 ÷ 53 = 3.4 ஆம்பியர், 180 × 3.4 = 612 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்ததற்கே சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது, அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

கிணற்று மோட்டார், ஃபேன் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். அவற்றில் காந்தச் சுருள் (coil) இருப்பதால், வீட்டுக்கு வரும் ஏசி கரண்டில் (திசை மாறி மாறி ஓடுவது) வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் உண்மையான வாட்டை விடக் கூடுதலாகவே வரும்.

இப்போது பிளக்குக்கு வருவோம். களிம்பு பிடித்த இடத்தில் ஒரே ஒரு ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 54 ஓம், ஓடுவது 230 ÷ 54 = 4.26 ஆம்பியர். அந்த ஒரு ஓமில் விழும் வோல்ட்டும் (ஆம்பியர் × ஓம்) 4.26. பெருக்கினால் 18 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதற்குக் கொஞ்சம் குறைவான சூடு, விரல் நுனி அளவு இடத்தில், துணி தேய்த்து முடிக்கும் வரை இருந்துகொண்டே இருக்கிறது. பிளாஸ்டிக் இளகாமல் என்ன செய்யும்?

சித்தி பிளக்கை மட்டும் மாற்றச் சொன்னார். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து சாக்கெட்டைத் திறந்தபோது உள்ளே இருந்த பித்தளையும் பச்சையாக இருந்தது, ஸ்பிரிங் பிடியும் தளர்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். அரைமணி நேரம் தேய்த்த பிறகு சுவிட்சை அணைத்து பிளக்கை உருவித் தொட்டுப் பார்த்தார் சித்தி. லேசான வெதுவெதுப்புகூட இல்லை.