லிங்க் திறக்கவில்லையா? முதலில் வாலைப் பாருங்கள்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். "அண்ணே, லிங்க் ஓபன் ஆகவே மாட்டேங்குது, நெட்டு போயிடுச்சா?" என்று போனை நீட்டுவார்கள். பெரும்பாலும் நெட்டில் கோளாறு இருக்காது. லிங்க்கின் வால்தான் கெட்டிருக்கும்.

கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது வரி மடிந்த இடத்தில் அறுந்து, முன்பாதி மட்டும் நீலமாகியிருக்கும். முழு முகவரியையும் காப்பி செய்து, பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒட்டி, வாலைச் சுத்தம் செய்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

தமிழ்த் தலைப்புள்ள லிங்க் என்றால் இன்னும் கவனம். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறி. ஒவ்வொன்றும் 3 பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகு). காப்பி செய்யும்போது ஒவ்வொரு பைட்டும் % போட்டு 3 எழுத்தாக விரியும். ஆக, ஒரு 'தமிழு'க்கு 45 எழுத்து! விக்கிப்பீடியா கட்டுரை லிங்க் கூட்ஸ் வண்டி மாதிரி நீளுவதும், நடுவில் வெட்டுப்படுவதும் இதனால்தான். வெட்டுப்பட்டதை ஒட்டுப்போட முயலாதீர்கள். கட்டுரைத் தலைப்பைத் தேடினாலே கிடைத்துவிடும்.

அடுத்து, திரையில் வருவதைப் படியுங்கள். 404 என்றால் அந்தத் தளம் பதில் சொல்லிவிட்டது, அந்தப் பக்கம்தான் அங்கே இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டுப் பயனில்லை. முகவரியைப் பின்னாலிருந்து சாய்கோடு (/) சாய்கோடாக அழித்துப் பாருங்கள், பக்கம் இடம் மாறியிருக்கலாம். அடியோடு போயிருந்தால் இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அது கிடைக்கலாம்.

'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எல்லாத் தளத்திலும் வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். ஒருமுறை கடையில் ஒரு பழைய சிஸ்டத்தில் இப்படி வந்து, பிரவுசரை அழித்துத் திரும்பப் போட்டு ஒரு மணி நேரம் வீணடித்தேன். பக்கத்தில் காத்திருந்த பெரியவர்தான், "தம்பி, இதுல இன்னும் 2009ன்னு காட்டுதே" என்றார். கணினியை அணைத்தாலும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும், மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரி செத்துப்போயிருந்தது. தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2009-ல் நிற்கும் கணினிக்கு அவை இன்னும் பிறக்கவே இல்லை. தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளத்தில் மட்டும் இந்த எச்சரிக்கை வந்தால், மீறி உள்ளே போகாதீர்கள். பேங்க் தளமென்றால் கண்டிப்பாகக் கூடாது.

இதெல்லாம் சரியென்றால் கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமில் இன்காக்னிடோ, அதாவது பழைய தடயங்கள் இல்லாத தனி ஜன்னல் வரும். அதில் திறந்தால், பழைய குக்கியோ (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் குறிப்பு) பிரவுசரில் சேர்த்த ஏதாவது எக்ஸ்டென்ஷனோதான் (கூடுதல் கருவி) தடுக்கிறது.

அப்புறம் ஒன்று. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலும் பாருங்கள். அதிலும் 503, அதாவது தளத்தால் இப்போது சேவை தர முடியவில்லை என்றே வந்தால், கோளாறு அந்தத் தளத்தில்தான். ரிசல்ட் வரும் நாட்களில் இது சகஜம். அன்று ரீலோடு பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பவர்களை நான் பக்கத்து டீக்கடைக்கு அனுப்பிவிடுவேன்.