கிளட்ச் பெடல் மேலே வரவில்லையா? கேபிள் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் மிதித்த கிளட்ச் பெடல் பாதியிலேயே நின்றுவிட்டது. ஷூ முனையை அடியில் கொடுத்துத் தூக்கித் தூக்கித்தான் பழைய பிக்கப்பை அல்சூர் வரை ஓட்டி வந்தேன். மறுநாள் காலையிலேயே உதிரி பாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புது கேபிள் வாங்கி மாட்டினேன், ஆனாலும் பெடல் அப்படியேதான் சிக்கியது. கோளாறு கேபிளில் இல்லை, பெடலின் புஷ்ஷில், அதாவது பெடல் ஆடும் பின்னைச் சுற்றியிருக்கும் சிறு வளையத்தில் இருந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், எது சிக்குகிறது என்று பிரித்துப் பார்த்த பிறகு காசைச் செலவழியுங்கள்.

இது கேபிள் கிளட்ச் வண்டிக்கு மட்டும். கிளட்சுக்கு ஆயில் டப்பாவும் சிலிண்டரும் இருந்தால் அது ஹைட்ராலிக், அதற்கு வேலையே வேறு.

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள். அப்புறம் கால் மேட்டை எடுத்துவிட்டு ஒருமுறை மிதித்துப் பாருங்கள், மேட் சுருண்டு பெடலைப் பிடிப்பதும் உண்டு.

சரி, இப்போது பிரிக்கலாம். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் வந்து மாட்டும் லீவரைக் கண்டுபிடியுங்கள். அங்கே அட்ஜஸ்ட்டிங் நட்டுக்கு வெளியே மரை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு, லாக் நட்டைத் தளர்த்தி கேபிளைக் கழற்றுங்கள். பெடல் முனையிலும் கழற்றுங்கள். இப்போது பெடல், கேபிள், லீவர் மூன்றும் தனித்தனி.

முதலில் பெடலைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கரகரவென்றோ இறுக்கமாகவோ இருந்தால் கோளாறு அங்கேதான். கிளிப்பைக் கழற்றிப் பின்னை உருவுங்கள். என் வண்டியில் பின்னோடு சேர்ந்து செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது, கிரீஸ் என்று ஒரு சொட்டு இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி, பின்னை எமரி தாளால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, லித்தியம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங் கொக்கி உடைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து கேபிள். உள் கம்பியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு இழை பிய்ந்து விரலில் குத்தினாலும் எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள், நடு ரோட்டில் அறுந்தால் கிளட்சே இருக்காது. உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள கேபிளுக்கு எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். குழாய் இல்லாத பழைய வகை என்றால் தொங்கவிட்டு, மேலிருந்து இன்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே சுத்தமாக வடியும்வரை கம்பியை ஏற்றி இறக்குங்கள். திரும்ப மாட்டும்போது கூர்மையாக வளையாமல், சைலன்சர் குழாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, லீவர். கையால் தள்ளினால் கொஞ்சம் லேசாக அசைந்து அப்புறம் கனமாக முட்டும், அது சரியான நிலை. அந்த லேசான அசைவே இல்லாமல் இறுகியிருந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோ, அதைத் தள்ளும் ஃபோர்க்கோ உள்ளே பிடித்திருக்கும். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை அது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் ஃப்ரீ ப்ளே. பெடலை விரலால் அழுத்தினால் கனம் தெரியும் வரை சும்மா போகிற தூரம் அது, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பல வண்டிகளுக்கு 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவுதான் கணக்கு. கொஞ்சமும் இல்லையென்றால் கிளட்ச் வழுக்கிக் கருகும், அதிகமானால் கியர் விழும்போது கடகடக்கும். நட்டைத் திருப்பிச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்கி, இருபது முப்பது முறை மிதித்துவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள், புது கேபிள் என்றால் முதல் சில நாளில் அளவு கொஞ்சம் மாறும்.