கல்லேவா எங்கே இருந்தது? ரோமானிய நகரொன்றின் இடத்தைக் கண்டறியும் முறை

நூல்களில் பெயர் மட்டும் எஞ்சி, ஊர் மண்ணுக்குள் போய்விட்ட ரோமானிய நகரொன்றைத் தேடுபவர், முதலில் பழைய வழித்தொலைவுக் குறிப்பைக் கையில் எடுக்க வேண்டுமே தவிர, பெயர் ஒற்றுமையை நம்பி வரைபடத்தில் விரல் வைக்கக் கூடாது. பிரிட்டனின் தொல்லிடங்களை ஊர் ஊராக ஆராய்ந்த வில்லியம் கேம்டனே கல்லேவாவை இன்றைய வாலிங்ஃபோர்டு ஊர் என்று கொண்டார். அந்த நகரம் உண்மையில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், சில்செஸ்டரின் வயல்களுக்கு அடியில் இருக்கிறது.

ரோமானியச் சாலைகளின் ஊர்களையும் இடைத்தொலைவுகளையும் பட்டியலிடும் அன்டோனைன் பயணக் குறிப்பின் 7ஆம் வழி, இன்றைய வின்செஸ்டரான வென்டா பெல்காரமிலிருந்து கல்லேவாவுக்கு 22 மைல் என்றும், அங்கிருந்து லண்டனுக்கு இரண்டு கட்டமாக 44 மைல் என்றும் சொல்கிறது. ஒரு ரோமானிய மைல் ஏறத்தாழ 1.48 கிலோமீட்டர், ஆகவே வின்செஸ்டரை மையமாக வைத்து 32.5 கிலோமீட்டரிலும், லண்டனை மையமாக வைத்து 65 கிலோமீட்டரிலும் வட்டம் வரையுங்கள். ஆனால் வட்டத்தை மெல்லிய கோடாக வரையாமல், உள்ளும் புறமும் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே தள்ளி அகலமான பட்டையாக வரையுங்கள். ஏனெனில் கையால் படியெடுத்த ஏடுகளில் எண்கள் பிசகுவது இயல்பு. சில்செஸ்டர் வின்செஸ்டரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 36 கிலோமீட்டர். எண்ணோடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் சரியான இடத்தையே தள்ளிவிட்டிருப்போம்.

அடுத்து, இரண்டு பட்டைகளும் வெட்டிக்கொள்ளும் பகுதியில் நேராக ஓடும் பழஞ்சாலைகளைத் தேடுங்கள். லண்டன் பக்கமிருந்து வரும் ‘டெவில்ஸ் ஹைவே’ என்னும் ரோமானியச் சாலை சில்செஸ்டரில்தான் வந்து சேர்கிறது. பல சாலைகள் கூடும் இடம் வெறும் வயலாக இருந்தால், அங்கே நின்று கவனிக்க வேண்டும்.

இனி நிலத்தையே படிக்க வேண்டும், இதுவே இந்தத் தேடலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. புதைந்த சுவரின் மேல் மண் மெல்லியதாக இருப்பதால், வறண்ட கோடையில் அந்த வரிசையில் மட்டும் பயிர் முன்கூட்டியே வெளிறிக் காய்கிறது. தூர்ந்துபோன அகழியின் மேலோ ஈரம் தங்கிப் பசுமை நீடிக்கிறது. சில்செஸ்டரின் பழைய நகர மதிலுக்குள் சில இடங்களில் செழித்து நின்ற கதிர், முற்றும் தறுவாயில் வாடிவிடுவதை 16ஆம் நூற்றாண்டிலேயே தொல்பொருள் ஆர்வலர் ஜான் லேலண்ட் வியந்து குறித்தார். ஆகவே செயற்கைக்கோள் படங்களில் மழைக்காலப் படத்தை விடுத்து, வறண்ட மாதத்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்; தெருக்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பிறகு நேரில் செல்லுங்கள். ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதில், சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல், இன்றும் நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்பதால் உலோகங்காணி கொண்டு துழாவுவதும் தோண்டுவதும் அனுமதியின்றிக் குற்றம். கண்ணால் பாருங்கள், பானையோட்டைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள்.

இத்தனையும் நகரம் இருந்தது என்பதை மட்டுமே காட்டும். அதன் பெயரை உறுதிசெய்ய அவ்விடத்திலேயே கிடைத்த எழுத்துச் சான்று வேண்டும். சில்செஸ்டர் அகழாய்வில் கிடைத்த கல்வெட்டொன்று, ‘கல்லேவாவில் தங்கியிருக்கும் அயலார் சங்கம்’ என்று ஊர்ப்பெயரையே பொறித்து வைத்திருக்கிறது.