கை இறுகிய மார்கழியில் பிள்ளைகளோடு நத்தார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தேவாலயப் பங்கில் மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் இளம் பெற்றோரைக் கார்த்திகை மாதத்தில் சற்றுக் கவனித்தால் போதும், எந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். நாங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் இடறிய அதே கற்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். பட்டியல் இல்லாமல் கடைக்குப் போகக்கூடாது, மலிவு விற்பனையைக் கண்டு மயங்கக்கூடாது என்பதையெல்லாம் அறியாதவர் இல்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆனால் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் நத்தார் (கிறிஸ்மஸ்) வருவது காசு இல்லாத காலத்தில் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. காலபோகத்துக்கு, அதாவது மாரி மழைப் போகத்துக்கு, விதைத்த நெல் மார்கழியில் வயலில் பச்சையாக நிற்கும். உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் இறைத்த பணம் மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த பிறகுதான் வீடு திரும்பும். முல்லைத்தீவுக் கரையில் வாடைக் காற்றுக்குக் கடல் கொந்தளிப்பதால், படகுகள் நாட்கணக்கில் கரையில் கிடக்கும். மழை பிடித்துக்கொண்டால் கூலிவேலையும் நின்றுவிடும். மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்காகக் கொழும்பிலிருந்து எழுதப்படும் சிக்கன ஆலோசனைகள் நமக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்தக் கால வேறுபாடே காரணம்.

பலகாரத்தை முந்திச் சுடுவது

வேலை குறையட்டும் என்று மார்கழி தொடக்கத்திலேயே முறுக்குச் சுட்டு வைப்பவர்கள், மாரி ஈரத்தில் அது நமுத்துப்போவதைக் கண்டு, திருநாளுக்கு முதல் நாள் மறுபடியும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறார்கள். தேங்காய்ப்பூச் சேர்ந்த பயற்றம் பணியாரமும் அந்த ஈரத்தில் அதிக நாள் தாங்காது. 22 அல்லது 23 ஆம் திகதி சுட்டு, ஆறவிட்டு, மூடி இறுகிய பிஸ்கற் தகரத்தில் அடைத்தால் ஒருமுறைச் செலவோடு முடிந்துவிடும். முந்திரிப் பருப்பும் பட்டரும் முட்டையும் கொட்டிச் செய்யும் கேக்கை அயல் வீடுகளுக்கு அனுப்பும் தட்டத்துக்காக மட்டும் செய்கிறீர்கள் என்றால், அதை விட்டுவிடலாம். சைவ வீட்டாரும் முஸ்லிம் வீட்டாரும் பணியாரத் தட்டத்தைக் குறைவாக நினைப்பதில்லை. பிள்ளைகளுக்கும் கேக்கை விட இதுவே கொண்டாட்டம். பயற்றம்மாவைப் பாகோடு குழைத்து உருட்டும்போது முதல் உருண்டை தேசிக்காய் அளவிலும் பத்தாவது உருண்டை தோடம்பழ அளவிலும் வரும். அப்படியே பொரித்தெடுங்கள், திருத்த வேண்டாம்.

வெடி வாங்குவது

வேண்டாம். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. சத்தம் கேட்டால் இன்னமும் உடல் பதறும் முதியவர் நம் ஒவ்வொரு குறிச்சியிலும் இருக்கிறார்.

மார்கழியில் பணம் தேடிப் புறப்படுவது

மற்றவை எல்லாம் சில நூறு ரூபாய்த் தவறுகள். இந்த ஒன்று மட்டும் அடுத்த அறுவடையைத் தின்றுவிடும். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் ஆண்டுதோறும் யாரோ ஒருவர் செய்துகொண்டிருப்பதால், இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் மூளுகிறது.

நான் அறிந்த ஒரு இளம் தம்பதியர் ஏலச்சீட்டு ஒன்றில் சேர்ந்திருந்தார்கள். பத்துப் பேர், மாதம் 5,000 ரூபாய், மொத்தம் 50,000 ரூபாய். சீட்டு தொடங்கி மூன்றாவது மாதம் மார்கழி. அந்த மாதம் எல்லோருக்கும் பணம் தேவைப்படும் என்பதால் கழிவு (சீட்டை முந்தி எடுப்பவர் ஏலத்தில் விட்டுக்கொடுத்து, மற்றவர்களுக்குப் பங்கிடப்படும் தொகை) ஏறிக்கொண்டே போகும் என்பது சீட்டில் பழகிய எவருக்கும் தெரியும். இவர்கள் 14,000 ரூபாய் கழிவுக்குச் சீட்டை எடுத்து, 36,000 ரூபாயோடு வீட்டுக்கு வந்து, காசு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். கணக்கைச் சற்று உடைத்துப் பாருங்கள். அந்த 36,000 ரூபாயில் ஏறத்தாழ 15,000 ரூபாய் அவர்களே கட்டிய பணம். எஞ்சிய 21,000 ரூபாய்தான் கடனாக வந்தது. அதற்காக இன்னும் ஏழு மாதம் 5,000 ரூபாய் வீதம் 35,000 ரூபாய் கட்ட வேண்டும். பின் மாதங்களில் விழும் கழிவின் பங்கு கட்டுக்காசைச் சிறிது குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் நத்தாரும் பொங்கலும் கடந்தபின் முண்டியடிப்பவர் குறைவதால், கழிவும் சுருங்கிவிடும்.

அந்தப் பணம் போன வழியையும் சொல்ல வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரு மகனுக்கும் நகரத்துக் கடையில் ஆயத்த உடுப்பு, மின்குமிழ் சுற்றிய பிளாஸ்ரிக் மரம், வான் கூலி, மிஞ்சியதில் கேக். நள்ளிரவுத் திருப்பலிக்கு அவர்கள் வந்தபோது மழை விட்டபாடில்லை. சின்னவள் 'உன்னதங்களிலே' பாடுவதற்கு முன்பே தாயின் தோளில் தூங்கிவிட்டாள். பொன்னிழை பின்னிய அந்தச் சட்டைக்கு மேலே குளிருக்காகப் போர்த்திய பழைய துவாய் கிடந்தது. சட்டையை நான் கண்டது, மறுவாரம் கொடியில் காய்ந்தபோதுதான்.

தை பிறந்து புதிய வகுப்புத் தொடங்கியது. பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சப்பாத்தும் புத்தகப்பையும் கொப்பிகளும் பெரும்பாலும் பெற்றோரின் பொறுப்பு. சீட்டுக்காசு ஒருபுறம், சப்பாத்து மறுபுறம் என்று நெருக்கியபோது தாயின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அடகு வட்டி நிற்காமல் ஏறுகிறதே என்று, கிழமைதோறும் தவணை கட்டும் நுண்கடனான கிழமைக் கடனும் எடுத்தார்கள். கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் அந்தக் கடன் என்ன செய்யும் என்பதை வன்னிப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது. இவர்களுடைய காலபோக நெல் விற்ற பணத்தில் பெரும் பங்கு சங்கிலியை மீட்கவும் கிழமைக் கடனை அடைக்கவும் சரியாயிற்று. "பிள்ளையள் பாவம் அக்கா, வருசத்தில ஒரு நாள்தானே" என்று அந்தத் தாய் சொன்னபோது, பிள்ளைகள் கேட்டார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர்கள் கேட்கவில்லை. மூத்தவள் கேட்டது கரோல் குழுவோடு ஊர்வலம் போக அனுமதி மட்டும்.

ஆகவே பணத்தை, அது கையில் இருக்கும் காலத்திலேயே நத்தாருக்கு ஒதுக்க வேண்டும். பங்குனியில் தொடங்கிக் கார்த்திகை முடிய மாதம் 1,000 ரூபாய் போட்டால் 9,000 ரூபாய் சேரும். நாலைந்து தாய்மார் சேர்ந்து செய்தால் விடாமல் போட முடிகிறது. ஆனால் கழிவு, ஏலம் என்ற பேச்சே இருக்கக்கூடாது, கார்த்திகையில் அவரவர் போட்டது அவரவர் கையில் திரும்ப வேண்டும். காசை ஒருவரும் கணக்குக் கொப்பியை வேறொருவரும் வைத்திருப்பது நல்லது. உறவுகளுக்குள்ளேதான் இந்த ஏற்பாடு மிகவும் அவசியம்.

உடுப்புக்கு இன்னொரு வழி உண்டு. ஓகஸ்ட் 15 ஆம் திகதி மடு மாதா ஆலயத் திருவிழாவுக்குப் பெரும்பாலான வீடுகளில் எப்படியும் பிள்ளைகளுக்கு ஒரு சோடி எடுக்கிறோம். அதையே நத்தாருக்கும் சேர்த்து எண்ணி எடுத்து, கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைப்பித்து, மடுவில் உடுத்தபின் கழுவி மடித்து வைத்துவிட்டால், மார்கழியில் மடிப்பை அவிழ்ப்பதோடு வேலை முடிகிறது. தைப்பவரிடமும் அப்போது நெரிசல் இருக்காது. 'மடுவுக்குப் போட்ட உடுப்புத்தானே' என்று யாரேனும் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் நமது சீட்டுக்காசைக் கட்டப் போவதில்லை.

நத்தார் தாத்தாவின் பெயரில் வாக்குக் கொடுப்பது

கரோல் குழுவோடு வரும் நத்தார் தாத்தாவிடம் பெற்றோர் பரிசை முன்கூட்டியே மறைவாகக் கொடுத்துவைப்பது நல்ல வழக்கம். பிள்ளையின் முகம் அப்போது மலர்வதைக் காணவே மழையில் நனைந்துகொண்டு போகலாம். தவறு அதற்கு முன்னரே நடந்துவிடுகிறது. "நல்ல பிள்ளையாக இருந்தால் தாத்தா சைக்கிள் கொண்டுவருவார்" என்று ஒரு வாய்ச்சொல் விழுந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கனடாவில் மாமா இருக்கிறார். அந்த வீட்டுக்குச் சைக்கிள் வருகிறது, இந்த வீட்டுக்கு நிறப் பென்சில் பெட்டி வருகிறது. தான் நல்ல பிள்ளை இல்லை என்றே அந்தக் குழந்தை விளங்கிக்கொள்ளும். தாத்தா கொண்டுவருவது எப்போதும் சின்னப் பொருள், பெரிய பொருளை அப்பாவும் அம்மாவும்தான் காசு சேர்த்து வாங்குவார்கள் என்று தொடக்கத்திலேயே பழக்கிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம், இந்த முறை நெல் இன்னும் வெட்டவில்லை என்று சொன்னால், அது விளங்கிக்கொள்ளும். வயலைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைதானே.

வளர்த்திக்கு என்று மூன்று அளவு பெரிதாகச் சப்பாத்து வாங்குவது

காலுக்குப் பொருந்துவதற்கு முன்பே அடிப்பாகம் பிய்ந்துவிடும்.

பாலன் குடிலைக் கடையில் வாங்குவது

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் நான்கு ஞாயிறுகள் கொண்டது. பிள்ளைகளுக்கு நத்தார் என்பது உண்மையில் இந்த நாட்களில்தான் நடக்கிறது. செலவும் மிகக் குறைவு. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் ஆயத்தக் குடிலை 24 ஆம் திகதி வாங்கி மேசையில் வைப்பவர்கள் இந்த நாட்களை வீணே விட்டுவிடுகிறார்கள். குளக்கட்டுப் பக்கத்துக் களிமண்ணில் ஆட்டையும் மாட்டையும் பிள்ளைகளே பிசைந்து செய்யட்டும். மாரியில் அவை வெயிலில் காயும் என்று காத்திராமல், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் கால் வெடித்துவிடும்.

விதைப்பில் மிஞ்சிய நெல் ஒரு பிடியை இரவு ஊறவிட்டு, ஈரத்துணியில் முடிந்து, முளை கட்டியதும் சிரட்டைகளில் மண்ணிட்டுத் தூவுங்கள். இரண்டாவது திருவருகை ஞாயிறு அளவில் தூவினால், திருநாளில் குடிலைச் சுற்றிப் பச்சை வயல் நிற்கும். சிரட்டைக்கு ஒரு பிள்ளை பொறுப்பு. எல்லோரும் ஒன்றாகத் தண்ணீர் ஊற்றினால் நாற்று அழுகிவிடும். நட்சத்திரத்துக்குத் தாள் ஒட்டுபவர்கள் அதை விறாந்தைக்குள் கட்ட வேண்டும், அல்லது தாளுக்குப் பதிலாக நிறப் பொலித்தீன் ஒட்ட வேண்டும். ஒரு இரவு மழைக்குத் தாள் நட்சத்திரம் வெறும் மூங்கில் கூடாகிவிடும்.

26 ஆம் திகதி முல்லைத்தீவு உறவினர் வீட்டுக்கு விருந்துக்குப் புறப்படுவது

2004 இல் ஆழிப்பேரலை வந்த நாள் அது. அந்தக் கரையில் அன்று நினைவுத் திருப்பலியும் கல்லறைகளும்தான். பஸ் காசு செலவழித்துப் பலகாரத்தோடு போவதாக இருந்தால் வேறொரு நாளைத் தெரிவு செய்யுங்கள். தை மாதத் தொடக்கத்தில் வரும் திருக்காட்சித் திருவிழா வரை நத்தார்க் காலம்தான்.

பாடசாலைச் சப்பாத்தை நத்தார்ப் பரிசு என்று கொடுப்பது

இரண்டு செலவை ஒன்றாக்கும் கெட்டித்தனம் என்று பலர் இதைச் சொல்கிறார்கள். பிள்ளை ஏமாறாது, எப்படியும் வாங்கியாக வேண்டிய பொருள் அது என்பது அதற்கும் தெரியும். சப்பாத்தைச் சப்பாத்தாகவே வாங்கிக் கொடுங்கள். பரிசு வேறாக இருக்கட்டும்: ஒரு பம்பரம், ஒரு பை மாபிள், ஒரு சோடி றிபன், 200 ரூபாய்க்குள் அடங்கும் ஏதாவது. படிப்புக்கு உதவாத பொருளாக இருந்தால் இன்னும் நல்லது.