போலந்து விமானத் தளம் ஒன்றின் வரலாற்றை வரைபடமாக்குவது எப்படி? மின்ஸ்க் மசோவியெத்ஸ்கி தளத்தை வைத்து ஒரு செய்முறை

போலந்து விமானப்படையைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். வார்சாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஒரு தளம் இருக்கிறது. ஒரு கட்டுரை அதை 1ஆம் போர் விமான ரெஜிமென்ட் என்கிறது. இன்னொன்று 1ஆம் டாக்டிகல் (போர்க்களப் பணிக்கான) விமான ஸ்குவாட்ரன் என்கிறது. வேறொன்றில் 23ஆம் விமானத் தளம், மற்றொன்றில் 23ஆம் டாக்டிகல் விமானத் தளம். எது சரி? எல்லாமே சரி. எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல இதையும் ஆண்டுவாரியாகப் பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு பெரிய தாளும் பென்சிலும் போதும்.

படி 1: தாளை நெடுக்காகப் பிரித்து மூன்று பத்திகள் போடுங்கள்

முதல் பத்திக்கு ‘நிலம்’, இரண்டாவதற்கு ‘யூனிட்’, மூன்றாவதற்கு ‘மரபு’ என்று தலைப்பிடுங்கள். ஓடுபாதை இருந்த இடத்திலேயே இருக்கும். யூனிட் வரும், கலையும், பெயர் மாறும். சின்னமும் வீரக்கதையும் ஒரு யூனிட்டை விட்டு இன்னொரு யூனிட்டுக்குப் போகும். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் எழுதப் போனால்தான் சிக்கல்.

படி 2: நிலத்தை முடித்துவிடுங்கள்

இது சுலபமான பத்தி. தளம் 1950களின் தொடக்கத்தில், மின்ஸ்க் மசோவியெத்ஸ்கி ஊரையொட்டி யானுஃபில் உருவானது. பெலாரஸின் தலைநகரமான மின்ஸ்க் வேறு, இது வேறு. தேடும்போது முழுப்பெயரையும் போட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் பாதி முடிவுகள் பெலாரஸுக்குப் போய்விடும்.

படி 3: யூனிட்டின் பிறப்பு

1ஆம் போர் விமான ரெஜிமென்ட் இந்தத் தளத்தைவிட மூத்தது. 1943இல், சோவியத் மண்ணில், அங்கே திரட்டப்பட்ட போலந்துப் படையின் பகுதியாகப் பிறந்தது. ‘வார்சா’ என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. 1944 ஆகஸ்ட் 23 அன்று வர்கா பகுதியில் யாக்-1 விமானங்களுடன் முதன்முறையாகப் போரில் இறங்கியது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அந்த நாளைத்தான் போலந்து விமானப்படை தினமாகக் கொண்டாடினார்கள். இன்று அது ஆகஸ்ட் 28. 1932இல் போலந்து விமானிகளான ஸ்விர்கோவும் விகுராவும் ஐரோப்பிய விமானப் போட்டியில் வென்ற நாள் அது. ஆட்சி மாறும்போது விழா நாளும் மாறுகிறது என்பதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மரபுப் பத்திக்குப் போகும்போது தேவைப்படும்.

ரெஜிமென்ட் 1950களில் மின்ஸ்க் மசோவியெத்ஸ்கிக்கு வந்து சேர்ந்தது. சோவியத் தயாரிப்பான மிக் ரக ஜெட் போர் விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. 1989இல் போலந்தின் முதல் மிக்-29 விமானங்கள் வந்து இறங்கியதும் இந்தத் தளத்தில்தான்.

படி 4: 2001ஐத் தடித்த கோடாகப் போடுங்கள்

தொடக்கநிலை வாசகர்கள் தவறவிடும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சோவியத் பாணி ரெஜிமென்ட் பல ஸ்குவாட்ரன்களை, அதாவது சிறு விமானப் பிரிவுகளை, தன்னுள் வைத்திருக்கும் பெரிய அமைப்பு. 1999 மார்ச் 12 அன்று போலந்து நேட்டோவில் சேர்ந்தது. அதன்பின் ரெஜிமென்ட் முறையைக் கைவிட்டு ஸ்குவாட்ரன் முறைக்கு மாறினார்கள். 2000 முடிந்து 2001 பிறந்தபோது ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. பறக்கும் பொறுப்பு 1ஆம் டாக்டிகல் விமான ஸ்குவாட்ரனிடம் போனது. ஓடுபாதை, எரிபொருள், காவல் போன்ற தரைப்பணிகள் 23ஆம் விமானத் தளம் என்ற தனி யூனிட்டின் பொறுப்பாயின.

ஆக, யூனிட் பத்தியில் ஒரு கோடு இங்கே இரண்டாகப் பிரிய வேண்டும். ஒரே வேலிக்குள் இரண்டு யூனிட்டுகள், இரண்டு தளபதிகள். எண்களும் வேறு வேறு. ‘1’ என்பதும் ‘23’ என்பதும் ஒரே இடத்துக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு விடை இதுதான்.

படி 5: பிரிந்ததைச் சேருங்கள்

2010இல் இரண்டு கோடுகளும் மறுபடி சேர்ந்து 23ஆம் டாக்டிகல் விமானத் தளம் உருவானது. இப்போது தளபதி ஒருவர்தான். போஸ்னான் அருகிலுள்ள கிஷெசினி தளத்தில் இதே இணைப்பு 2008இலேயே நடந்துவிட்டது. பெயரில் ‘டாக்டிகல்’ என்ற ஒரு சொல் கூடியிருக்கிறது என்று மேலோட்டமாகத் தாண்டிவிடாதீர்கள். அந்தச் சொல் இருந்தால் விமானங்களும் அந்த யூனிட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இல்லாவிட்டால், இந்தத் தளத்தின் 2001க்குப் பிந்தைய வரலாற்றில், அது தரைப்பணி யூனிட் மட்டுமே.

படி 6: மேலதிகாரம்

இதற்கு ஓரத்தில் சிறு குறிப்புகள் போதும். பனிப்போர்க் காலத்தில் நாட்டு வான்பாதுகாப்புப் படை தனிப் படையாக இருந்தது. அதன் கீழிருந்த ரெஜிமென்ட்டுகளின் பெயருக்குப் பின்னால் ‘ஓபிகே’ என்ற மூன்றெழுத்து ஒட்டியிருக்கும். நாட்டு வான்பாதுகாப்பு என்பதன் போலிஷ் சுருக்கம் அது. 1990இல் அந்தப் படையும் விமானப்படையும் ஒன்றாயின. 2004இல் அதற்கு இன்றைய ‘விமானப்படை’ என்ற பெயர் வந்தது. 2014 தொடக்கத்திலிருந்து விமானப்படைக்கெனத் தனிக் கட்டளையகம் இல்லை. முப்படைகளுக்கும் பொதுவான கட்டளையகத்தின் கீழ் அது வந்துவிட்டது.

படி 7: மரபுப் பத்தி

எனக்கு மிகவும் பிடித்த பத்தி இது. மின்ஸ்க் தளத்தின் மிக்-29களின் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு வட்டச் சின்னம் தெரியும். செந்நிறத்தில் ஒரு நாற்கோணத் தொப்பி, அதன் பின்னால் குறுக்காக இரண்டு போர் அரிவாள்கள், பின்னணியில் செங்குத்துப் பட்டைகள், சுற்றிலும் 13 நட்சத்திரங்கள். அமெரிக்கக் கொடியின் சாயல் வேண்டுமென்றே வைத்தது. போலந்து–சோவியத் போரில் போலந்துக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வலர்களின் 7ஆம் ஸ்குவாட்ரன் சின்னம் அது. வரைந்தவர் அவர்களில் ஒருவரான எலியட் செஸ். அமெரிக்கச் சுதந்திரப் போரிலும், 1794 போலந்துக் கிளர்ச்சியிலும் போரிட்ட போலந்துத் தளபதி கோஷ்சியுஷ்கோவின் நினைவாக அது அமைந்தது. அரிவாள்கள் அந்தக் கிளர்ச்சியின் விவசாயப் படையைக் குறிக்கின்றன.

அம்புக்குறி போடுங்கள்: 7ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் வார்சாவைக் காத்த 111ஆம் ஸ்குவாட்ரனுக்கு. அங்கிருந்து, 1940 ஆகஸ்ட் 2 அன்று இங்கிலாந்தின் நார்தோல்ட்டில் உருவான, போலந்து விமானிகளின் 303ஆம் ஸ்குவாட்ரனுக்கு. அங்கிருந்து மின்ஸ்க் மசோவியெத்ஸ்கிக்கு. பின்னாளில் 303இன் விமானிகளான கிராஸ்னொடெம்ப்ஸ்கி, உர்பனோவிச் போன்றோரின் முகங்களும் இங்கே மிக்-29களின் வால்களில் இடம்பிடித்தன.

இப்போது யூனிட் பத்தியை அருகே வைத்துப் பாருங்கள். ‘1’ என்ற எண் கிழக்கே, சோவியத் கட்டளையின் கீழ் பறந்தவர்களிடமிருந்து வந்தது. சின்னமோ மேற்கே, பிரிட்டிஷ் விமானப்படையோடு சேர்ந்து பறந்தவர்களிடமிருந்து வந்தது. போருக்குப் பின் பல பத்தாண்டுகள் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு அரசின் உரிய மரியாதை கிடைக்கவில்லை. ஒரே விமானத்தின் மேல் இரண்டு மரபும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது, இந்த எண்களையும் பெயர்களையும் பொறுமையாகப் பிரித்தது வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

படி 8: விமான வகையைக் கடைசியில் சேருங்கள்

விமானத்தை வைத்து யூனிட்டை ஊகிக்க வேண்டாம். போலந்தின் மிக்-29கள் எல்லாம் ஒரே வழியில் வந்தவை அல்ல. சோவியத் ஒன்றியத்திலிருந்து 12 வந்தன. 1995–96இல் செக் குடியரசிலிருந்து 10 வந்தன, அவற்றுக்கு ஈடாக போலந்து 11 சோகோல் ஹெலிகாப்டர்களைக் கொடுத்தது. பிறகு ஜெர்மனி தலா ஒரு யூரோ என்ற பெயரளவு விலைக்கு 22 கொடுத்தது. ஜெர்மனியிலிருந்து வந்தவற்றில் சேவைக்கு எடுத்தவை வட போலந்திலுள்ள மால்போர்க் தளத்துக்குப் போயின. மின்ஸ்க் தளத்துக்கு 2023 ஜூலையில் தென்கொரியாவின் எஃப்ஏ-50 போர் விமானம் வரத் தொடங்கியது.

சரி, தாள் நிரம்பியிருக்கும். அடுத்த பயிற்சிக்கு மால்போர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் கோடு இதே மாதிரிதான்: 41ஆம் ரெஜிமென்ட், பிறகு 41ஆம் ஸ்குவாட்ரனும் 22ஆம் தளமும் தனித்தனியாக, பிறகு இணைந்த 22ஆம் டாக்டிகல் விமானத் தளம். ஆனால் நிலப் பத்திக்கு அதிக இடம் விடுங்கள். அந்த ஊர் ஜெர்மனியிடம் மரியன்பூர்க் என்ற பெயரில் இருந்த காலத்திலேயே விமானத்தளம் இருந்தது, ஃபோக்கே-வுல்ஃப் ஆலையும் இருந்தது. 1943 அக்டோபர் 9 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்த ஆலையைத் தாக்கின. உங்கள் முதல் வரி அதற்கும் முன்னால் தொடங்க வேண்டும்.