பிரவுசரை மாற்றியும் அந்தப் பெட்டி போகலையே?

பெருமாநல்லூர் ரோட்டில் என் மச்சான் தையல் யூனிட் வைத்திருக்கிறார். இ-வே பில் போட உட்கார்ந்தால், திரையின் வலது கீழ் மூலையில் ஐந்து நிமிஷத்துக்கொருதரம் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே கிளிக் செய்யவும்.’ “ஏனுங் மாப்ள, இந்தப் பிரவுசரே கெட்டுப்போச்சுங்க” என்று ஃபயர்பாக்ஸை இறக்கிப் போட்டுக்கொண்டார். மறுநாளும் அதே பெட்டி.

போய்ப் பார்த்தால் வைரஸே இல்லை. எப்போதோ ஓசியில் படம் பார்க்கப் போன தளத்தில் ‘ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறது, அழுத்தியிருக்கிறார். அது நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கொடுத்த அனுமதி. பழைய பிரவுசர் ஜன்னலை மூடினாலும் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, தெரியாத தளங்களைத் தூக்க இரண்டு நிமிஷம் ஆனது.

தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மாற்றினால் இப்படித்தான். நோட்டிஃபிகேஷனுக்கு ஒரு வைத்தியம், பிரவுசரில் ஒட்டவைக்கும் குட்டி மென்பொருளான எக்ஸ்டென்ஷனுக்கு வேறு, விண்டோஸுக்குள்ளேயே புகுந்துவிட்ட மால்வேருக்கு, அதாவது கெடுதல் செய்யும் மென்பொருளுக்கு, வேறு. கடைசி ரகத்துக்கு எந்தப் பிரவுசராக இருந்தாலும் ஒன்றுதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது, காசு கிடையாது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன்பே தேடும்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லைன் வீட்டைக் காலி செய்யும்போது பழைய மெத்தையையும் சுருட்டிக்கொண்டு போனால் மூட்டைப்பூச்சியும் கூடவே குடிவரும் அல்லவா, அதே கதை. குரோமை அழித்துவிட்டு மறுபடி போட்டு, அதே கணக்கில் நுழைந்து பழையதையெல்லாம் சிங்க் செய்து இழுத்தால் கெட்ட எக்ஸ்டென்ஷனும் திரும்பி வந்து உட்காரும். எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. குரோம் எக்ஸ்டென்ஷன் அங்கேயும் ஓடும். புதிய பிரவுசர் ‘எல்லாவற்றையும் கொண்டுவரட்டுமா?’ என்று கேட்டால் புக்மார்க் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று காட்டுகிறதா? பத்து மெஷின் யூனிட்டில் எந்த நிறுவனம் வந்து நிர்வகிக்கப் போகிறது? சில ஆன்டிவைரஸ் மென்பொருளும் அப்படிக் காட்ட வைக்கும். அது இல்லை என்றால் மால்வேர் மேல் சந்தேகப்படலாம்.

தொற்றிய பிரவுசரிலேயே தேடி, மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்து புதியதை இறக்குவதும் தவறு. போலி இன்ஸ்டாலர்கள் அந்த இடத்தில்தான் காத்திருக்கும். முகவரியைக் கையால் தட்டிப் போங்கள். எந்தத் தளமாவது விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, எதையோ பேஸ்ட் செய்து என்டர் தட்டச் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். நம் கையாலேயே மால்வேரை ஓடவைக்கும் வித்தை அது.

பாஸ்வேர்டையும் சுத்தம் செய்யாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதீர்கள், புதியதும் திருடு போகும். சுத்தமான வேறு கருவியில் மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். நாம் உள்ளே நுழைந்துவிட்டோம் என்று தளம் பிரவுசரில் வைக்கும் அடையாளச் சீட்டுதான் குக்கீ, அதைத் திருடியவனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. பழைய பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், அழிக்காதவரை அங்கேயேதான் இருக்கும். பேங்கில் பணமே போய்விட்டதென்றால் மற்றதை விட்டுவிட்டு முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

மச்சான் ஆபீஸில் எம்பிராய்டரி டிசைனுக்கென்று ஒரு விண்டோஸ் 7 மெஷின் மூலையில் கிடக்கிறது. அதற்குக் கிடைத்த கடைசி குரோம் 109தான், 2023க்குப் பிறகு புதியது கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அந்த விண்டோஸ் 7 மெஷினுக்கு எந்தப் பிரவுசர் நல்லது என்று கேட்டார். நான் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, டிசைனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க என்றேன். முகம் சுண்டிப்போனது. மதியம் அதில்தான் பாட்டுக் கேட்பாராம்.