சொந்தமா நாவல் போடுறது எப்படி? பெங்களூர் தமிழர்களுக்கு ஒரு செய்முறை

நாவலை எழுதி முடிச்சு, சென்னைல இருக்குற நாலஞ்சு பதிப்பகத்துக்கு மெயில் போட்டுட்டு, பதிலே வராம உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. "காசு குடுத்து தானே போட்டுக்கிட்டான்"னு ஒரு இளக்காரப் பேச்சு நம்ம ஊர்ல உண்டு, அதை முதல்ல காதுல வாங்காதீங்க. 'எழுத்து' பத்திரிகை நடத்தின எழுத்தாளர் சி.சு.செல்லப்பா 1997ல, 80 வயசைத் தாண்டின பிறகு, சுதந்திர தாகம் நாவலை மூணு பாகமா அவரே வெளியிட்டாரு. 98ல காலமாயிட்டாரு, 2001ல அதே நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது குடுத்தாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே புத்தகத்தைச் சுமந்துக்கிட்டு காலேஜ் காலேஜாப் போய் வித்த மனுஷன் அவரு. அந்தச் சுமக்குற வேலை இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு, கிண்டில் வந்ததால ஒண்ணும் குறையல, அதனால படி 7 முழுக்க அதைப் பத்திதான்.

படி 1: முன்பின் தெரியாதவங்க படிக்கட்டும்

வீட்டுக்காரரும் ஆபீஸ் ஃப்ரெண்டும் "சூப்பரா இருக்கு"ன்னுதான் சொல்வாங்க, வேற என்ன சொல்வாங்க பாவம். முகம் தெரியாத ஆள் எந்த அத்தியாயத்துல நிறுத்திட்டாங்கன்னு தெரியணும், அதுக்குத் தொடரா போடுறது நல்ல வழி. பிரதிலிபி (கதை போடுற, படிக்கிற ஆப்) 2014ல நம்ம பெங்களூர்லயே ஆரம்பிச்சதுதான், தமிழ்ல ஏகப்பட்ட பேர் படிக்கிறாங்க. வாரம் ஒரு அத்தியாயம் போடுங்க, கமென்ட் எண்ணிக்கையை விட்டுட்டு எந்த வாரம் ஆட்கள் சட்டுனு குறையுறாங்கன்னு பாருங்க, கதை தொய்யுற இடம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். அங்க ஓடுறது காதல், குடும்பம், த்ரில்லர் மாதிரி கதைங்கதான், உங்களோடது வேற வகைன்னா கூட்டம் கம்மியா வரும், அதுக்காகக் கதையை வளைக்க வேணாம்.

அது சரிப்படலைன்னா அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்குற தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போங்க. அங்க நூலகம் இருக்கு, கூட்டங்கள் நடக்கும், வந்து உக்கார்றவங்கள்ல ரெண்டு மூணு பேராவது உண்மையிலேயே படிக்கிறவங்களா இருப்பாங்க. பிரிண்ட் அவுட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கையில குடுங்க, பிடிஎஃப் அனுப்பினா யாரும் திறக்க மாட்டாங்க.

படி 2: பிழை திருத்தம் (இங்க கஞ்சத்தனம் வேணாம்)

என்னைக் கேட்டா மொத்த பட்ஜெட்ல பெரிய பங்கு இதுக்குத்தான் போகணும், அட்டைக்கு இல்ல. முதல்ல நீச்சல்காரன்றவர் செஞ்ச வாணின்ற ஆன்லைன் திருத்தில போட்டு எழுத்துப்பிழை பாருங்க, அப்புறம் அவரோட இன்னொரு திருத்தியான நாவில சந்திப்பிழை பாருங்க, ரெண்டுமே இலவசம். க், ச், த், ப் எங்க மிகும் எங்க மிகாதுன்றதுல நம்மள்ல பாதிப் பேர் குத்துமதிப்பாத்தான் ஓட்டுறோம், அது படிக்கிறவங்களுக்குப் பளிச்சுனு தெரியும். ஆனா மெஷின் ஓரளவுக்குத்தான் வரும், கடைசியா ஒரு மனுஷர் மெய்ப்பு (ப்ரூஃப்) பார்த்தே ஆகணும்.

இதுல பெங்களூர்க்காரங்களுக்குன்னு தனியா ஒரு தலைவலி இருக்கு. மெய்ப்பு பார்க்குறவர் சென்னைலயோ மதுரைலயோ இருப்பாரு. உங்க கதைல சிவாஜிநகர் ஆட்டோக்காரர் "இன்னா குரு, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு பேசுவாரு, அவரு அதை "என்ன குருவே, கொஞ்சம் பொறுத்துக்கொள்"னு மாத்தி, ரொம்பப் பொறுப்பா சிவப்பு மைல எழுதி அனுப்புவாரு. அதனால கையெழுத்துப் பிரதியோட ஒரு பக்கத்துக்கு "தொடக் கூடாத சொற்கள்"னு ஒரு பட்டியல் சேர்த்துக் குடுங்க. பேச்சுல வர்ற கன்னடச் சொல், ஏரியா பேரு (அல்சூரா ஹலசூருவா, ஒண்ணை முடிவு பண்ணுங்க), கோலார் தங்கவயல்ல இருந்து வந்த பாட்டி பேசுற மொழி, எல்லாம் அதுல வரட்டும். கூடவே, பேச்சுல "பண்ணினு"ன்னு வந்தா புத்தகம் முழுக்க "பண்ணினு"தான், ஒரு இடத்துல "பண்ணிக்கிட்டு"ன்னு வரக்கூடாதுன்னும் எழுதிடுங்க.

படி 3: லேஅவுட்

யூனிகோட்ல டைப் பண்ணியிருந்தா நல்லது. பழைய ஃபான்ட்ல இருந்தா இப்பவே கன்வெர்ட் பண்ணுங்க, ஏன்னா கிண்டிலுக்கு யூனிகோட்தான் வேணும். அளவு டெமி வைங்க, அதாவது ஐந்தரைக்கு எட்டரை இன்ச், நாவலுக்குக் கடைக்காரங்க பழகின சைஸ்.

பெங்களூர்ல இங்கிலீஷ் புத்தகம் பண்ற டிசைனர்கிட்ட தமிழ் லேஅவுட் குடுத்தா ஒண்ணு கண்டிப்பா கவனிங்க. இன்டிசைன்ல (லேஅவுட் பண்ற சாஃப்ட்வேர்) தமிழ் ஒழுங்கா வரணும்னா பாராகிராஃப் மெனுல "வேர்ல்ட்-ரெடி கம்போசர்" செலக்ட் பண்ணியிருக்கணும். அது இல்லேன்னா "கொடி"ன்ற சொல்லுல கொம்பு ககரத்துக்கு முன்னாடி நிக்காம, பின்னாடி போய் ஒரு புள்ளி வட்டத்தோட தொங்கிட்டு நிக்கும். தமிழ் தெரியாத டிசைனருக்கு அது தப்புன்னே தெரியாது, அவரைச் சொல்லிக் குத்தமில்ல. ஃபைல் வந்ததும் ஏதாவது அஞ்சு பக்கத்துல ஒகர, ஓகார எழுத்தெல்லாம் விரல் வெச்சுப் பாருங்க. அப்புறம் ஒரு வரி "ன்"லயோ "ப்"லயோ ஆரம்பிக்குதான்னு பாருங்க, மெய்யெழுத்து வரி முதல்ல வந்து நிக்குறது அசிங்கமா இருக்கும்.

படி 4: ஐஎஸ்பிஎன்

புத்தகத்துக்கான அடையாள எண் இது, இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பேர்ல டெல்லில இருக்குற தேசிய ஏஜென்சி ஆன்லைன்லயே குடுக்குது, எழுத்தாளரே நேரா அப்ளை பண்ணலாம். "ஐஎஸ்பிஎன் வாங்கித் தர்றோம்"னு பேக்கேஜ்ல ஒரு தொகையைச் சேர்க்கிறவங்ககிட்ட எதுக்கு அந்தத் தொகைன்னு கேளுங்க. கையில நம்பர் வர டைம் ஆகும், அதனால மெய்ப்பு ஓடிட்டு இருக்கும்போதே போட்டுடுங்க. காப்பிரைட் எழுதின உடனே உங்களுக்கு வந்துடுது, உங்க ஆயுள் முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம். ரெஜிஸ்டர் பண்றது உங்க இஷ்டம்.

படி 5: கிண்டில்

இதுக்கு ஐஎஸ்பிஎன் தேவையில்ல, அமேசானே ஒரு நம்பர் குடுத்துக்கும். கேடிபில (அமேசான்ல நாமளே புத்தகம் போடுற தளம்) தமிழ் இ-புக் போடலாம், தமிழ் பேப்பர்பேக் அங்க முடியாது. வேர்ட் ஃபைலா ஏத்துங்க, தமிழுக்கு பிடிஎஃப் எடுக்காது. அட்டை 1600க்கு 2560 பிக்சல். டேக்ஸ் கேள்விகள் வரும்போது பான் நம்பர் குடுங்க, அமெரிக்கால விக்கிற காப்பிக்குப் பிடிக்கிற வரி குறையும்.

முடிவு எடுக்க வேண்டிய இடம் கேடிபி செலக்ட், அதாவது இ-புக்கை அமேசானுக்கு மட்டும்னு குடுக்குற திட்டம். இந்தியா விற்பனைல 70 சதவீதம் ராயல்டி வேணும்னா இதுல சேரணும், இல்லேன்னா 35தான். சேர்ந்தா கிண்டில் அன்லிமிடெட்ல (சந்தா கட்டிப் படிக்கிறது) படிக்கிற பக்கத்துக்கும் காசு வரும். ஆனா 90 நாளைக்கு இ-புக் வேற எங்கயும் இருக்கக் கூடாது, அதுல பிரதிலிபியும் அடக்கம். அதனாலதான் தொடர் முதல்ல, அதை இறக்கிட்டு மாதிரிக்கு 10 சதவீதத்துக்குள்ள மட்டும் விட்டுட்டு, அப்புறம் கிண்டில். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

படி 6: அச்சு, கூடவே கணக்கு

முதல் தடவை 100 காப்பி போதும். "500 போட்டா ரேட் குறையும்"னு பிரஸ்ல சொல்வாங்க, உண்மைதான், மிச்சம் 400 உங்க கட்டிலுக்கு அடியில கிடக்கும், டூ பிஎச்கே வாடகை கட்டி அதுல அட்டைப்பெட்டி அடுக்கிட்டு இருக்கணுமா? பிரஸ்ஸுக்கு இப்படி ஒரே மெசேஜா அனுப்புங்க: "டெமி, 240 பக்கம், உள்ளே 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட், ஒரு கலர், ரேப்பர் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், 100 காப்பி, பெங்களூர் டெலிவரியோட ரேட் சொல்லுங்க." ஜிஎஸ்எம்னா தாளோட கனம், நேச்சுரல் ஷேட்னா லேசா மஞ்சளான தாள், ரேப்பர்னா அட்டை, பெர்ஃபெக்ட் பைண்டிங்னா முதுகுல பசை வெச்சு ஒட்டுறது. மூணு பேருக்கு அனுப்புங்க, அப்பதான் ஒப்பிட முடியும். 16 பக்கம் ஒரு பாரம் (ஒரே தாள்ல சேர்ந்து அச்சாகுற பக்கங்கள்), 240ன்னா சரியா 15 பாரம். நிறைய காப்பிக்காக ஆஃப்செட் அச்சுக்குப் போற நாள் வந்தா இது உதவும். ஆர்டர் வர வர அச்சடிக்கிறதுன்னா பெங்களூர்ல போத்தி, சென்னைல நோஷன் பிரஸ் மாதிரி இடங்கள் இருக்கு.

விலையைக் கண்ணை மூடிக்கிட்டு வைக்காதீங்க. ஒரு காப்பி அடக்கம் 110 ரூபாய், விலை 250ன்னு வெச்சுக்கோங்க. கடைக்கு 40 சதவீதம் கழிவுன்னா 100 போச்சு, மிச்சம் 150, அதுல 110 போனா 40, கடைக்கு அனுப்புற பார்சல் செலவு அதையும் தின்னுடும். அதாவது கடைல விக்கிறது பேருக்கு, நீங்க நேரா விக்கிற காப்பிதான் காசு. மெய்ப்புக்கும் அட்டைக்கும் போட்டது இந்தக் கணக்குலயே வரல, ஞாபகம் இருக்கட்டும்.

அச்சான 30 நாளைக்குள்ள நாலு காப்பி நூலகங்களுக்கு அனுப்பணும், 1954ல வந்த சட்டம்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி. பல பேர் செய்றதில்ல, நீங்க செய்யுங்க, பின்னாடி ஒரு ஆராய்ச்சி மாணவர் தேடும்போது புத்தகம் எங்கயாவது இருக்கணும்ல.

படி 7: சுமக்குறது

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், பொன்னாடை, ஸ்வீட் காரம் காபின்னு செலவு பண்றதுல எனக்கு நம்பிக்கையே இல்ல, அன்னிக்கு வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேர் படிக்கிறதில்ல. அந்தக் காசுல 20 காப்பி எடுத்து வைங்க. சிற்றிதழ்களுக்கு மதிப்புரைக்கு ரெண்டு ரெண்டு, நாவல் பத்தி ஒழுங்கா எழுதுற ஆட்களுக்கு ஒண்ணு ஒண்ணு, உள்ள கையால நாலு வரி எழுதி. "படிச்சிட்டீங்களா"ன்னு வாராவாரம் மெசேஜ் போடாதீங்க, ஒரு தடவை ஞாபகப்படுத்தினா போதும். ரெண்டு மாசம் கழிச்சு, படிச்சவங்க அஞ்சாறு பேர் சேர்ந்ததும், விமர்சனக் கூட்டம் வைங்க, திட்டுறவரையும் ஒருத்தரைக் கூப்பிடுங்க, நாலு பேர் வெளியில பேசுறது அப்பதான் ஆரம்பிக்கும்.

பெங்களூர்லயே சில வருஷமா டிசம்பர்ல தமிழ்ப் புத்தகத் திருவிழா நடக்குது, அதுக்குக் காப்பி ரெடியா இருக்கணும். ஜனவரி சென்னை புத்தகக் காட்சில ஒரு நாவலுக்காகத் தனியா ஸ்டால் எடுக்குற பேச்சே வேணாம். ஏற்கெனவே ஸ்டால் போடுற பதிப்பகத்துக்கிட்ட நவம்பர்லயே பேசி, வித்தா காசு இல்லேன்னா திருப்பின்னு 30 காப்பி வைங்க. ரசீது வாங்குங்க, வாய்ப்பேச்சுல விட்டா மார்ச்ல யார்கிட்ட எத்தனை இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பரிசுப் போட்டிகளுக்கு நீங்களே அனுப்புங்க, தமிழ்நாடு அரசோட தமிழ் வளர்ச்சித் துறை பரிசுக்கும் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். லைப்ரரி ஆர்டர் வரும்னு நம்பி மட்டும் அச்சடிக்காதீங்க.

படி 8: பதிப்பகம் தேடி வந்தா

100 காப்பி தீர்ந்து நாலு மதிப்புரை வந்துச்சுன்னா, முன்னாடி பதில் போடாத மாதிரி ஒரு இடத்துல இருந்தே போன் வரலாம். கோபப்படாம பேசுங்க. ஒப்பந்தத்துல "அனைத்து உரிமைகளும்"னு இருந்தா அதை அடிச்சுட்டு, அச்சு உரிமை மட்டும், இத்தனை வருஷத்துக்குன்னு எழுதிக் கேளுங்க. கிண்டில், ஆடியோ, மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். காலம் எழுதாம கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா சட்டப்படி அதை அஞ்சு வருஷம்னு எடுத்துப்பாங்க, இடம் எழுதலைன்னா இந்தியா முழுக்கன்னு. அதனால பேனாவை எடுக்குறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு கட்டமும் நிரம்பியிருக்கான்னு பாத்துடுங்க.